கேளுங்கள்: ஸ்கேன் எடுத்துச் செய்த கால் உசத்தியா?

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று மாதம் ஆகிறது. குழித்தறியில் லுங்கி நெய்பவர். ஓரிடத்தில் காலை ஸ்கேன் செய்து, 3டி பிரிண்டரில் அவருக்கென்றே சாக்கெட் (மீதிக் கால் நுழையும் கிண்ணம்) போட்டு, இரண்டே நாளில் கால் தருகிறோம் என்கிறார்கள். மாவுக்கட்டில் அளவெடுப்பதைவிட இது உசத்திதானா, ஐயா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: வேலூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் 31 வருஷம் மாவு பிசைந்தவன் நான். அதற்காக ஸ்கேனர் மேல் கோபம் எதுவும் இல்லை. மாவு இறுகும்வரை ஆடாமல் உட்கார்ந்திருக்கும் அவஸ்தை இல்லை. அளவும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஆனால் அது பார்ப்பது தோலின் மேற்பரப்பை மட்டும். எங்கே எலும்பு, எங்கே சதை என்பது விரலுக்குத்தான் தெரியும்.

நாங்கள் மெல்லிய உறையை மாட்டி, தடவிப் பார்த்து, எலும்பு துருத்தும் இடங்களில் அழியாப் பென்சிலால் வட்டம் போடுவோம். அதன்மேல் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுக்கும்போது, மாவின் ஈரத்தில் அந்த ஊதா வட்டம் அச்சின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மாவு ஊற்றி எடுக்கும் உருவத்திலும் பதியும். வட்டத்தின் மேல் மாவை அப்பி உயர்த்துவோம். சாக்கெட்டில் அங்கே குழி விழும், எலும்பு தப்பிக்கும். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநார் பாரம் தாங்கும்; அங்கே அரத்தால் ராவிக் குறைப்போம். கம்ப்யூட்டரிலும் இதே வேலைதான், அரத்துக்குப் பதில் மவுஸ். ஆகவே, அதைச் செய்கிறவர் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.

சேர்ந்த புதிதில், முழங்காலுக்கு வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பு முனைக்கு வட்டம் போட மறந்துவிட்டேன். ஆற்காட்டுப் பெரியவர் ஒருவர். பத்தாம் நாள் வந்து உறையைக் கழற்றினால், அங்கே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். அவரும் சர்க்கரைக்காரர்; வலியே தெரியவில்லை. "நல்லாத்தாம்பா இருக்கு" என்றார்.

அப்புறம் அந்த இரண்டு நாள் கணக்கு. மூன்று மாதத்துக் கால் இன்னும் வற்றும். இன்று கச்சிதமாக இருக்கும் சாக்கெட் கொஞ்ச நாளில் லொடலொடக்கும். உறைமேல் உறை போட்டுச் சமாளித்து, பிறகு புது சாக்கெட்தான். சொல்லும் விலையில் எத்தனை முறை திருத்தித் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுக்கடுக்காக பிரிண்ட் ஆவது அடுக்கு வாக்கில் பிளக்கக்கூடும். செயற்கைக்காலின் வலிமைக்கான ஐ.எஸ்.ஓ. 10328 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் 30 லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்குவார்கள். இவர்கள் சாக்கெட்டை எப்படிச் சோதித்தார்கள்?

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது. நிற்கவும் நடக்கவும் பார்த்துத்தான் பெரும்பாலும் அளவு வைப்பார்கள். அப்பாவோ நாள் முழுக்கக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பவர். சாக்கெட்டின் பின்விளிம்பு உயரமாக இருந்தால் முழங்கால் மடிப்பில் அறுக்கும். தறியில் உட்காரும் உயரத்துக்கு ஒரு பலகை போட்டு, அதில் உட்கார்ந்து மிதிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரைக்காரர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று விற்கிறார்களே, அசலா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர்; நம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் செய்து தந்த அதே மெத்து ரப்பர்தான். உள்பட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துங்கள். பாதியாக அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அடிப்பட்டை மட்டும் கெட்டியாக இருக்கட்டும். ஆணி அடித்திருந்தால் வேண்டாம்.