கண்ணி ஏன் குறைகிறது, அளவு ஏன் தவறுகிறது: குரோஷே, நிட்டிங் கேள்வி பதில்

கேள்வி: ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் போர்வை பின்னுகிறேன், அக்கா. 60 கண்ணியில் தொடங்கியது, 13 வரிசைக்குள் 47 ஆகிவிட்டது. டபுள் குரோஷேதான். எதையும் விட்டதாகத் தெரியவில்லை.

பதில்: 13 வரிசையில் 13 கண்ணி, அதாவது வரிசைக்கு ஒன்று. அது எங்கே போகிறது என்று சொல்கிறேன். டபுள் குரோஷே என்பது நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி. அதில் வரிசை முடிந்து திரும்பும்போது மூன்று சங்கிலி, அதாவது வளையத்துக்குள் நூலை இழுத்துப் போடும் எளிய கண்ணி, போடுகிறோம். அந்த மூன்றும் சேர்ந்து ஒரு கண்ணிக்குச் சமம். அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில் குத்தி எடுக்க வேண்டும். மற்றக் கண்ணிகளின் தலையில் இரண்டு இழை தெளிவாகத் தெரியும். இது அப்படித் தெரியாது. முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் சிறு முடிச்சைப் போல ஒதுங்கி நிற்கும். வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறோம்.

மூன்றாவது சங்கிலியைப் போட்டதும் அதில் ஒரு சேஃப்டி பின்னைக் கோத்துவிடுங்கள். திரும்பி வரும்போது பின் மாட்டிய இடத்தில்தான் கடைசிக் கண்ணி. பத்து வரிசை இப்படிச் செய்தால் பின் இல்லாமலே கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். இப்போது பின்னியிருப்பதை முதல் வரிசை வரை பிரித்துவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனால் ஓரம் சரிந்த போர்வையைப் பிறகு எதனாலும் நிமிர்த்த முடியாது.

ஒன்று கவனியுங்கள். நான் சொல்லும் கண்ணிப் பெயர்கள் அமெரிக்க வழக்கு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். செய்முறையில் சிங்கிள் என்ற சொல் வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: 100 செ.மீ. மார்புச் சுற்றுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். செய்முறையை அப்படியே பின்பற்றியும் இறுக்கிப் பிடிக்கிறது.

பதில்: மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். செய்முறையில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று இருந்து, உங்கள் கைக்கு 22 விழுந்தால், செய்முறைப்படி போட்ட 200 கண்ணியின் சுற்றளவு 100 செ.மீ. அல்ல, 91தான். இரண்டு கண்ணி வித்தியாசம் 9 செ.மீ.யைத் தின்றுவிடுகிறது. பதினைந்து செ.மீ. சதுரத்தில் ஒரு துண்டு பின்னுங்கள். துவையுங்கள், காயவையுங்கள், பிறகு நடுப்பகுதியில் அளவெடுங்கள். துவைக்காமல் எடுத்த அளவை நம்பாதீர்கள். கம்பளி நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து வேறு அளவுக்கு வந்துவிடும்.

கேள்வி: நிட்டிங்கில் (இரண்டு நீள ஊசியால்) பின்னிய மஃப்ளர் குழல்போல் சுருண்டுகொள்கிறது. இஸ்திரி போட்டால் சரியாகுமா? நூல் அக்ரிலிக்.

பதில்: வேண்டவே வேண்டாம். சூடான இஸ்திரி பட்டால் அக்ரிலிக் உருகித் தொய்ந்துவிடும், பழைய நிலைக்கு வராது. ஒரு பக்கம் முழுக்க நேர்க்கண்ணியும் (நிட்) மறுபக்கம் முழுக்க எதிர்க்கண்ணியும் (பர்ல்) வந்தால் துணி சுருளத்தான் செய்யும். அது அந்தப் பின்னலின் இயல்பு, உங்கள் கைத்தவறு அல்ல. அடுத்த முறை இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு கண்ணியை எல்லா வரிசையிலும் நேர்க்கண்ணியாகவே போடுங்கள்.

கேள்வி: குரோஷே தொடங்க எந்த ஊசி?

பதில்: 5 மி.மீ., நடுத்தரத் தடிமன் நூல், வெளிர் நிறம். கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது.

கேள்வி: குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டர் பெரிதாகிவிட்டது, ஏன்?

பதில்: மாதிரித் துண்டு. மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எம்பிராய்டரிக்கு எந்த நூல் நல்லது?

பதில்: அது என் துறை அல்ல. அதில் கை பழகியவரைக் கேளுங்கள்.

கேள்வி: கடையில் குரோஷே மேலாடைகள் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லாம் இயந்திரத்தில் செய்பவைதானே? நாம் ஏன் கையால் மாரடிக்க வேண்டும்?

பதில்: இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். நிட்டிங்குக்கு இயந்திரம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். நிட்டிங்கில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே காத்து நிற்கும். ஒரு கண்ணிக்கு ஓர் ஊசி என்று வரிசையாக வைத்துவிட்டால் இயந்திரம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். குரோஷேயில் உயிரோடு, அதாவது ஊசியில் முடியாமல் நிற்பது ஒரே கண்ணி. ஊசி முனை, பின்னி முடித்த துணியில் தேவையான ஓட்டையைத் தேடி நுழைந்து, நூலைப் பிடித்து இழுத்து வர வேண்டும். இதை அப்படியே செய்து துணியாகத் தரும் ஆலை இயந்திரம் இன்றும் புழக்கத்தில் இல்லை. ஆகவே அந்த மேலாடை நிஜமான குரோஷே என்றால், யாரோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னியிருக்கிறார். அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று விலைச்சீட்டைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: 'குரோஷே இயந்திரம்' என்ற பெயரிலேயே விற்கிறார்களே, அக்கா. நீங்கள் சொல்வது தவறு.

பதில்: பெயர் அப்படித்தான், வேலை வேறு. அதில் வருவதைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டாமல் நீளவாக்கில் ஓடும், இடையே வேறு நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போய் அவற்றைக் கட்டும். கைக் குரோஷேயில் சங்கிலி வடிவம் குறுக்காக, ஒவ்வொரு வரிசையின் தலையிலும் படுத்திருக்கும். வீட்டில் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எந்த ஊசியில் தொடங்கலாம்?

பதில்: 5 மி.மீ. தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்வெட்டர் கேட்டவன்தான். துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து அளந்தேன். நீங்கள் சொன்னதுபோல் 22தான் வருகிறது. இனி?

பதில்: நல்லது. ஊசியை அரை மி.மீ. பெரிதாக்கி இன்னொரு துண்டு பின்னுங்கள். அதையும் துவையுங்கள். 20 வந்ததும் ஸ்வெட்டரைத் தொடங்குங்கள்.