‘கால் விறைக்குது’ என்றால் என்ன?

கேள்வி: அன்ரி, நான் லண்டன் ஹரோவில் ஏ-லெவல் படிக்கிறேன். தாதியர் படிப்புக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்குகிற யூகாஸ் அமைப்பில் விண்ணப்பிக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்று என்னைப் பற்றி எழுதிக் கொடுக்கிற பெர்சனல் ஸ்டேட்மெண்டை நாலு தரம் எழுதிவிட்டேன். ‘சின்ன வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவப் பிடிக்கும்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரி அனுபவமும் இல்லை. கேட்ட இரண்டு இடத்திலும் பதினெட்டு வயதாகட்டும் என்றார்கள். வீட்டில் அம்மம்மாவுக்கு நீரிழிவு. டொக்டரிடம் மொழிபெயர்க்க நான்தான் போவேன். ஒருமுறை ‘கால் விறைக்குது’ என்றா. குளிர்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். டொக்டர் தடித்த சொக்ஸ் போடச் சொன்னார். பிறகு ஒருநாள் செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தா. அடுத்த தரம் போய்த் திருத்திச் சொன்னேன். இதெல்லாம் எழுதுகிற விஷயமா?

பதில்: பிள்ளை, கடிதத்தின் கடைசியில் ஒளித்து வைத்ததைத்தான் நீர் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் பேச்சில் குளிருக்கும் கால் விறைக்கும், உணர்ச்சி அற்றுப்போனாலும் விறைக்கும். நீரிழிவுக்காரருக்கு இந்த இரண்டாவது விறைப்புத்தான் ஆபத்து. காலில் ஏதும் குத்தினாலும் தெரியாது; புண் பெருத்த பிறகுதான் வீட்டார் காண்பார்கள். அதனால்தான் உள்ளங்காலில் மெல்லிய நைலோன் இழையை வைத்து அழுத்தி, ‘தெரிகிறதா?’ என்று கேட்டுச் சோதிப்பார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நீர் செருப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தீர். வார்டில் நான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுகிற விஷயம் அது.

2026-இல் படிப்புத் தொடங்குகிறவர்களிலிருந்து ஸ்டேட்மெண்ட் ஒரே கட்டுரை இல்லை, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, உம்முடைய பாடங்கள் எப்படி உம்மைத் தயார்படுத்தின, பாடசாலைக்கு வெளியே வேறு என்ன செய்தீர். மொத்தம் 4,000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அம்மம்மாவின் கால் மூன்றாவது கேள்விக்குப் போகட்டும். ‘அம்மம்மா சொன்ன ஒரு சொல்லை டொக்டரிடம் பிழையாகச் சொன்னேன்’ என்று நேராகவே தொடங்கும். பிழையை மறைக்க வேண்டாம். அதற்குப் பிறகு அம்மம்மாவிடம் கேள்வி கேட்கிற விதத்தை எப்படி மாற்றினீர் என்று எழுதும். வாசிக்கிறவருக்கு அதுதான் வேணும். இரண்டாவது கேள்விக்கு, உயிரியல் எடுத்திருந்தால், நரம்பு எப்படிச் சேதி கடத்துகிறது என்று படித்ததை அந்தக் காலோடு சேர்த்து எழுதலாம். முதல் கேள்விக்கு, ஏன் டொக்டர் வேலை இல்லாமல் தாதி வேலை என்று உமக்குள்ளேயே ஒருமுறை கேட்டுப்பாரும். எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் இதில்தான் வழுக்குகிறார்கள். இங்கே பதிவுபெற்ற தாதியாகிற படிப்பு 4,600 மணி நேரம்; அதில் பாதி செய்முறைப் பயிற்சி. இரவு வேலை, பெட்பான், அழுகிற சொந்தக்காரர், எல்லாம் அதற்குள் வரும். தெரிந்துதான் வருகிறீர் என்று காட்டும்.

‘சின்ன வயதிலிருந்தே’யை வெட்டிவிடும். 2007-இல் யூகாஸ் ஸ்டேட்மெண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் பெட்டியோடு விளையாடிப் பைஜாமாவில் ஓட்டை போட்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். அத்தனை பைஜாமா! இன்றைக்கும் எல்லா ஸ்டேட்மெண்டையும் மென்பொருளில் போட்டு ஒப்பிடுகிறார்கள். ஆகவே ஏஐ எழுதித் தந்ததையோ மச்சாள் போன வருடம் எழுதியதையோ தொட வேண்டாம்.

நான் மட்டும் என்ன திறம்? முதல் வருடம் ‘நான் அன்பானவள், பொறுமையானவள்’ என்று பக்கம் முழுக்க எழுதினேன். எல்லா இடத்திலும் இல்லை என்று வந்தது. அடுத்த வருடம், வேலை செய்த முதியோர் இல்லத்தில் பல்செட்டைக் கழற்ற விடாத ஒரு கிழவரைப் பற்றி எழுதினேன். அவர் விட்டாரா என்று நேர்முகத்தில் கேட்டார்கள். இல்லை, கடைசிவரைக்கும் விடவில்லை. அதையும் அப்படியே சொன்னேன்.

இங்கே தாதியருக்கு ‘ஆறு சி’ என்று ஒன்று உண்டு: பராமரிப்பு, பரிவு, திறமை, தொடர்பாடல், துணிவு, ஈடுபாடு. ஆங்கிலத்தில் ஆறும் ‘சி’யில் தொடங்கும். அதை ஒப்பிக்க வேண்டாம்; பிழையைத் திருத்தப் போனதே துணிவுதான். அம்மம்மாவின் பெயர் எழுத வேண்டாம். எழுதப் போகிறேன் என்று அவவிடம் ஒரு சொல்லும் கேளும். அப்புறம், நீர் விண்ணப்பிக்கிற ஐந்து படிப்புத் தெரிவுக்கும் இதே ஸ்டேட்மெண்ட்தான் போகும். நடுவில் மருத்துவிச்சிப் படிப்பு ஒன்றைச் செருகினால், தாதியர் பக்கம் எழுதியது அங்கே எடுபடாது.

இன்னொன்று. நீரிழிவுக்காரருக்கு வருடம் ஒருமுறை கால் சோதிக்க வேண்டும். அம்மம்மாவுக்குக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தேடிப்பாரும். போகிற நேரம் மொழிபெயர்ப்பை உம்முடைய தலையில் போட வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இங்கத்தைய அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்ஸிலேயே காசில்லாமல் கேட்கலாம். புக் பண்ணும்போதே சொல்லிவிட வேண்டும்.