பந்தய மாதிரிப் படகுக்கு எந்த ஷாஃப்ட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். ரேடியோவால் இயங்கும் பந்தயப் படகு ஒன்றின் வெற்றுக் கூட்டை வாங்கியிருக்கிறேன். நீளம் 70 செ.மீ.; அடிப்பகுதி ஆழமான ‘வி’ வடிவம். அதில் 36 மி.மீ. விட்டமுள்ள 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டாரையும் 4 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியையும் பொருத்தி, வட அமெரிக்க மாதிரிப் படகுச் சங்கமான நாம்பாவின் ‘பி’ (P) வகுப்பில் ஓட்ட எண்ணம். மோட்டாரிலிருந்து புரொப்பெல்லர் வரை ஃப்ளெக்ஸ் கேபிள் போடுவதா, எஃகுக் கம்பி போடுவதா? கேபிள்தான் என்றால், கிடைப்பதிலேயே தடிமனானதை வாங்கிவிட்டால் அறுந்துபோகும் கவலை இராதல்லவா?

பதில்: உங்கள் படகுக்கு ஃப்ளெக்ஸ் கேபிளே பொருத்தம், ஆனால் தடிமனானதை வாங்கினால் கவலை தீரும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய எஃகு இழைகளை அடுக்கடுக்காக முறுக்கிச் செய்த இந்தக் கேபிள், படகின் தரைக்குள் வளைந்து செல்லும் பித்தளைக் குழாய்க்குள் சுழல்கிறது. கேபிள் தடித்தால் விறைப்பும் கூடும்; விறைப்பான கேபிள் அந்த வளைவில் குழாயின் சுவரை அழுத்தி உரசும்; உரசலில் வீணாகும் ஆற்றல் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். 6.35 மி.மீ. கேபிள் 26 சிசி பெட்ரோல் எஞ்சின் படகுகளுக்கு உரியது. உங்கள் மோட்டார் 1,500 வாட் திறனை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் தருவதாக வைத்துக்கொண்டாலும் கேபிள் தாங்க வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 0.6 நியூட்டன் மீட்டர்தான். இதற்கு 3.8 மி.மீ. கேபிள் போதும். அதன் பின்முனையில் 4.76 மி.மீ. ஷாஃப்ட் துண்டு பற்றவைக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள்; இந்த அளவு படகுக்கான புரொப்பெல்லர்களின் துளை பெரும்பாலும் அந்த விட்டத்துக்கே அமைந்திருக்கும்.

கம்பியைப் பொறுத்தவரை, பியானோக் கம்பி எனப்படும் சுமார் 2 மி.மீ. கடின எஃகுக் கம்பி டெஃப்லான் குழாய்க்குள் சுழலும்போது உரசல் மிகக் குறைவு. சிறிய, எடை குறைந்த படகுகளில் அது நல்ல தேர்வு. ஆனால் புரொப்பெல்லரின் உந்துவிசையை மெல்லிய கம்பி தாங்காது, வளைந்துவிடும். எனவே ஸ்ட்ரட்டிலேயே, அதாவது படகின் பின்பக்கம் ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோகக் காலிலேயே, அந்த விசையைத் தாங்கும் பேரிங் அமைக்க வேண்டும். முதல் படகிலேயே அந்த வேலைக்குள் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

புரொப்பெல்லரையும் இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஷாஃப்ட்டின் மேல் விழும் சுமையை நிர்ணயிப்பது அதுவே. ஆக்டூரா நிறுவனத்தின் எக்ஸ் 442 என்ற புரொப்பெல்லரில், கடைசி இரண்டு இலக்கங்கள் 42 மி.மீ. விட்டத்தையும், முதல் இலக்கமான 4, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) விட்டத்தைப் போல 1.4 மடங்கு என்பதையும் குறிக்கின்றன. ஆகவே வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு 58.8 மி.மீ. முன்னேற வேண்டும். 2000 கேவி மோட்டார் 14.8 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 29,600 சுற்று சுற்றும். சுமையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, நீரிலும் 15 விழுக்காடு வழுக்கல் இருப்பதாகக் கொண்டால் மணிக்குச் சுமார் 71 கி.மீ. வேகம் வரும். முதல் பருவத்துக்கு இது தாராளம். எக்ஸ் 642 விட்டத்தில் அதே அளவுதான்; பிட்ச் மட்டும் 1.6 மடங்கு. மின்னோட்டம் கணிசமாக ஏறும் என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் புரொப்பெல்லர்கள் வார்ப்பாக வருபவை. கூர்தீட்டிச் சமநிலைப்படுத்திய பிறகே பூட்ட வேண்டும். உலோகம் பெரிலியம் கலந்த செம்பு, அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்தே தேயுங்கள். அல்லது தீட்டி முடித்ததையே விலை கொடுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் வகைப் படகுதான் என்னுடையதும். சில ஓட்டங்களிலேயே புதிய கேபிள் அறுந்துவிட்டது; ஸ்ட்ரட்டின் முனை கருகியிருக்கிறது, மோட்டாரைத் தொட முடியவில்லை. கேபிள் தரமற்றதா?

பதில்: கேபிளின் தரத்தைச் சந்தேகிப்பதற்கு முன், ஸ்ட்ரட்டின் பின்முனைக்கும் புரொப்பெல்லரைப் பற்றிச் சுழற்றும் டிரைவ் டாக்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்று பாருங்கள். கருகிய முனையைக் கேட்டதும் என் மனதில் வந்த முதல் ஐயம் அதுதான். ஈரத்துணியைப் பிழிகையில் அது சுருங்குவது போல, சுமை ஏறும்போது கேபிள் முறுகி நீளத்தில் குறைகிறது. புரொப்பெல்லரும் அதை முன்னோக்கித் தள்ளுகிறது. இடைவெளி இல்லாவிட்டால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டில் மோதி, நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றில் உரசிக்கொண்டே இருக்கும். குறைந்தது கேபிளின் விட்டமளவுக்கு, உங்கள் படகில் சுமார் 4 மி.மீ., இடம் விடுவது பந்தயக்காரர்களிடையே உள்ள வழக்கம். வெண்கல வாஷரைப் போட்டு டாக்கை ஸ்ட்ரட்டிலேயே உட்கார வைப்பவர்களும் உண்டு. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, கேபிள் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். கேபிளைக் கவ்வும் காலெட்டை ஒட்டி அறுந்திருந்தால் மோட்டாரின் அச்சும் குழாயின் வாயும் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். சுற்றுக்கு ஒரு முறை அங்கே வளைந்து நிமிர்ந்து இழைகள் களைத்துப் போயிருக்கும். பின்முனைப் பற்றவைப்பை ஒட்டி அறுந்திருந்தால், அங்கே சூடு அதிகமாக ஏறி எஃகின் பதம் கெட்டிருக்கலாம். இழைகள் பிரிந்து கூடுபோல உப்பியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. வழக்கமான கேபிள், பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால்தான் இறுகும். மறுபக்கம் சுற்றினால் பிரியும். மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும்.

புதிய கேபிளைப் போடும்போது, வெட்டும் இடத்தில் முதலில் ஈயம் பற்றவைத்து இழைகளைக் கட்டிவிட்டு, சுழலும் வெட்டுச் சில்லால் வெட்டுங்கள். கட்டிங் பிளையரால் நறுக்கினால் முனை பிரிந்துவிடும். பித்தளைக் குழாயின் வளைவு நீண்டு மென்மையாக இருக்கட்டும். கடைசிச் சில சென்டிமீட்டர்கள் ஸ்ட்ரட்டோடு ஒரே நேராக அமைய வேண்டும். குழாயை எப்பாக்ஸியால் ஒட்டுவதற்கு முன்பே மோட்டாரையும் கேபிளையும் பூட்டி எல்லாம் தானாக ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மோட்டாரை இழுத்துப் பிடித்துத் திருகாணி முடுக்கினால் அந்த இழுவை முழுவதும் கேபிளின் மேல்தான் விழும். பிறகு காலெட்டைத் தளர்த்தி, கேபிளின் முனையை இரண்டு விரல்களால் உருட்டிப் பாருங்கள். எந்த இடத்திலும் தடங்கக் கூடாது.

கிரீஸ் போடுவதில் பலரும் காட்டும் அலட்சியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகுகளுக்கான நீர்புகா கிரீஸைத் தடவி, ஓட்டி முடித்த அன்றே கேபிளை வெளியே உருவித் துடைத்து மறுபடி பூசி வையுங்கள். கடல் நீரில் ஓட்டினால் இதை மறுநாளைக்கு ஒத்திப்போடவே கூடாது.

கேள்வி: நேராகப் போகும்போது படகின் மூக்கு மேலும் கீழும் துள்ளுகிறது. ஸ்ட்ரட்டை எந்த உயரத்தில் வைப்பது?

பதில்: ஷாஃப்ட்டின் மையக்கோடு படகின் அடித்தட்டின் மட்டத்தில், அடித்தட்டுக்கு இணையாக இருக்குமாறு வைத்துத் தொடங்குங்கள். மேற்பரப்பில் பாதி முழுகி ஓடும் புரொப்பெல்லருக்கு இதுவே நடுநிலை. புரொப்பெல்லர் பக்கம் சற்றுத் தாழ்ந்தால் உந்துவிசை பின்பகுதியைத் தூக்கி மூக்கை அமர்த்தும். உயர்ந்தால் மூக்கு எழும். துள்ளலுக்குப் பேட்டரியின் இடமும் காரணமாக இருக்கலாம் என்பதால், கோணத்தில் கை வைக்கும் முன் அதைச் சற்று முன்னே நகர்த்திப் பாருங்கள். ஸ்ட்ரட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் டிரைவ் டாக்கின் இடைவெளியை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு மோட்டார் வைத்த கேட்டமரான் (இரட்டைக் கூட்டு) படகில் இரு பக்கமும் ஒரே கேபிளைப் போடலாமா?

பதில்: இரண்டு புரொப்பெல்லர்களும் ஒரே திசையில் சுற்றினால் போடலாம், ஆனால் ஒரே திசைச் சுழற்சி படகை ஒரு பக்கமாக இழுக்கும். எதிரெதிர்த் திசையில் சுற்றவிடுவதானால் ஒரு பக்கத்துக்கு எதிர்முறுக்குக் கேபிளும் அதற்கேற்ற எதிர்த்திசைப் புரொப்பெல்லரும் கேட்டு வாங்க வேண்டும்.