நாத்து ஏன் சாயுது? தக்காளி, மிளகா புதுசா வளர்க்கிறவங்க கேட்டது

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே பதில்தான், தண்ணிய குறைங்க. அப்படி ஒரே வரில முடிச்சா திட்டுவீங்க, அதனால தனித்தனியாவே சொல்றேன்.

தக்காளி விதை ஆறாவது நாள் நல்லா முளைச்சு வந்துச்சு. நேத்து காலைல பாத்தா பாதி படுத்துருச்சு, தண்டு அடில நூல் மாதிரி ஆயிருச்சு. காப்பாத்தலாமா?

படுத்தது போனதுதாங்க. இது நாத்தழுகல், பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி கிருமிங்க மண்ணு மட்டத்துல தண்ட அழுக வைக்கிற நோய். மேல இலை பச்சையா இருக்கும், அதனால வாடிருச்சுன்னு நெனச்சு இன்னும் தண்ணி ஊத்துவோம், அதுதான் மிச்சத்தையும் சேத்து முடிச்சு விடும். சாஞ்சத சுத்தி இருக்க மண்ணோட எடுத்து குப்பைல போடுங்க, ட்ரே மேல மூடி இருந்தா கழட்டுங்க, சின்ன ஃபேன் ஒண்ண நேரா அடிக்காம பக்கத்துல ஓட விடுங்க, மேல்மண் காயிற வரைக்கும் தண்ணிய தொடாதீங்க. எனக்கு ஒரு தடவ 50 குழி ட்ரே மொத்தமும் இப்படி போச்சு, முளைச்சதுக்கப்புறமும் ஈரம் போயிரக் கூடாதுன்னு பிளாஸ்டிக் மூடிய அப்படியே நாலு நாள் விட்டு வச்சிருந்தேன், தப்பு முழுக்க என்னோடது. பழைய ட்ரேய திரும்ப எடுத்தா ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து ஊற வச்சு, நல்லா அலசி காய வச்சுட்டு போடுங்க. தோட்டத்து மண்ணையும் நாத்துக்கு போடாதீங்க.

தினமும் எவ்வளவு தண்ணி ஊத்தணும்?

"தினமும்"ங்கறதுலதான் பிரச்சனையே. அளவு, நேரம் எல்லாம் விட்டுட்டு நாத்து இருக்க கப்ப தூக்கி பாருங்க. நல்லா நனைஞ்ச கப் கனமா இருக்கும், ரெண்டு மூணு நாள் தூக்கி பாத்தீங்கன்னா கைக்கே பழகிரும், வெறும் கப் மாதிரி லேசா இருக்கப்ப ஊத்துங்க. கோகோபீட் (மண்ணுக்கு பதிலா போடுற தேங்கா நார்த்தூள்) மட்டும் கொஞ்சம் ஏமாத்தும், மேல காஞ்சு வெளிறி போயிருக்கும், விரல உள்ள விட்டா ஈரம் ஒட்டும். முடிஞ்சா ட்ரேல தண்ணி வச்சு கப்ப அதுல வைங்க, அடி ஓட்டை வழியா உறிஞ்சிக்கும், அரை மணி நேரத்துல மிச்ச தண்ணிய கொட்டிருங்க. கப்புல ஓட்டையே போடலன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அவருக்கு தனியா பதில் வேண்டாம்னு நெனைக்கிறேன்.

செடி நூல் மாதிரி நீண்டு போயி ஜன்னல் பக்கமே சாயுது. உரம் போடவா?

வேண்டாம். வெளிச்சம் பத்தல, அதான் தேடி நீளுது. குரோ லைட் (செடி வளர்க்கவே விக்கிற விளக்கு) இருந்தா தினம் 14லேர்ந்து 16 மணி நேரம் போட்டு விடுங்க, இலை சுருங்குனா லைட்ட கொஞ்சம் உசத்துங்க. தக்காளின்னா தப்பிச்சீங்க, மாத்தி நடுறப்ப விதையிலை (முளைக்கிறப்ப மொதல்ல வர ரெண்டு இலை) வரைக்கும் தண்ட புதைங்க, புதைஞ்ச தண்டுல புது வேர் விடும். மிளகாகிட்ட அத அந்த அளவுக்கு எதிர்பாக்க முடியாது, பழைய ஆழத்துலயே நடுங்க. தூக்குறப்ப இலைய புடிச்சு தூக்குங்க, தண்ட புடிக்காதீங்க. ஒரு இலை கிழிஞ்சா இன்னொண்ணு வரும், தண்டு நசுங்குனா செடியே போச்சு.

அடில இருக்க ரெண்டு இலை மஞ்சளாகுது.

அது விதையிலையா இருந்து, மேல வர நிஜ இலை பச்சையா இருந்தா விடுங்க, அதோட வேல முடிஞ்சுது, உதிரும். நிஜ இலையே மஞ்சளானா மொதல்ல கப்ப தூக்கி பாருங்க, எப்பவும் கனமாவே இருந்தா வேர் மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். ஈரம் சரியா இருந்தும் மஞ்சள்னா பசி. வெறும் கோகோபீட்ல சத்துன்னு பெருசா எதுவும் கிடையாது, நிஜ இலை ரெண்டு ஜோடி வந்ததும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கறது) லிட்டர் தண்ணிக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒரு தடவ போதும்.

மண்ணு மேல குட்டி குட்டி கருப்பு ஈ பறக்குது.

ஈரத்துக்கு வர ஈ. பறக்குறது பெருசா ஒண்ணும் செய்யாது, மேல்மண்ணுல இருக்க அதோட புழுதான் சின்ன வேர கடிக்கும். மேல ரெண்டு சென்டிமீட்டர் காய விடுங்க, மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணு சொருகி வைங்க.

வீட்டுக்குள்ள நல்லா இருந்துச்சு, மொட்டை வெயில்ல வச்சேன், ஒரே நாள்ல இலை வெள்ளையாயிருச்சு!

வெயில் சுட்டிருச்சு. வெளுத்த இலை திரும்ப பச்சையாகாது, நுனி உயிரோட இருந்தா புது இலை வரும். நிழலுக்கு கொண்டு வந்து, காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் ரெண்டுன்னு ஏழெட்டு நாள் பழக்கிட்டு அப்புறம் வெளிய விடுங்க.

மிளகா விதை போட்டு 10 நாள் ஆச்சு, ஒண்ணும் காணோம்.

மிளகா மெதுவாதான் வரும், 25லேர்ந்து 30 டிகிரி சூடு இருந்தாலே ரெண்டு வாரம்கூட எடுக்கும், குளிர்ல இன்னும் இழுக்கும். கொஞ்சம் கதகதப்பான எடத்துல வச்சுட்டு காத்திருங்க, தோண்டி மட்டும் பாக்காதீங்க. நான் பாத்தேன், அப்பதான் வளைஞ்சு மேல வந்துட்டு இருந்த முளை, நகம் பட்டு ஒடிஞ்சிருச்சு.