ரெக்கார்டு பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா விட்டுப்போன எல்பி ஒன்று, 80களில் வந்த படப்பாட்டு. கரகரவென்று ஒலிக்கிறது. அதே ரெக்கார்டை இப்போது புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ‘ஒரிஜினல்தான் நன்றாக இருக்கும், வேறொரு பழைய பிரதி தேடலாம்’ என்கிறான் மகன். எதை வாங்குவது?
– வாசகி, திருநகர்

பதில்: வாங்குவதற்கு முன் அப்பாவின் ரெக்கார்டைக் கழுவுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு போதும். மெல்லிய துணியால், முள் ஓடும் வரிப்பள்ளங்களின் திசையிலேயே, வட்டமாகத் துடையுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. மறுபடி திரவம் கலக்காத டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். கரகரப்பில் பெரும்பகுதி இருபது முப்பது வருடத் தூசியாக இருக்கலாம்.

கழுவியும் போகவில்லையா? தட்டை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உசிலம்பட்டியில் எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று வாரம் தவறாமல் குழாய் ஸ்பீக்கர் ஏறும். முள் மாற்றும் வேலை எனக்கு. ஊரே கேட்கும் ஒரு பாட்டை ராத்திரிக்குள் பத்து தடவை போடுவோம். பக்கத்துப் பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ரெக்கார்டுகளை இன்றைக்கு வெளிச்சத்தில் பார்த்தால், ஹிட்டான பாட்டு மட்டும் சாம்பல் பூத்தாற்போல் மங்கி, மற்றதெல்லாம் கருகருவென்று மின்னும். தேய்ந்த முள்ளும் அதன் பாரமும் சேர்ந்து அந்த ஒரு வளையத்தை அறுத்துவிட்டன. கழுவினாலும் அது திரும்பாது.

ஒரு ‘முதல் அச்சு’ எல்பிக்கு நானே நல்ல விலை கொடுத்திருக்கிறேன். உறை புதுசு மாதிரி, லேபிளில் ஒரு கறை இல்லை. வீட்டுக்கு வந்து போட்டால் ‘ச’ வரும் இடமெல்லாம் கோடித் துணியைக் கிழிப்பது போல் இரைச்சல். அன்றிலிருந்து உறையைப் பார்த்து வாங்குவதில்லை. லேபிளின் நடு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள், ரெக்கார்டை மாட்டும்போது கம்பி உரசி மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். கோடு நிறைய என்றால் ஓட்டமும் நிறைய.

ஆகவே தேயாத ஒரிஜினல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பாட்டைப் பதிந்த மாஸ்டர் டேப் புதிதாக இருந்தபோதே வரிகளை வெட்டி எடுத்த அச்சு அது, அதன் குரலில் ஒரு உடம்பு இருக்கும். சாம்பல் பூத்ததுதான் கிடைக்கிறது என்றால் மறுபதிப்பே மேல். அதிலும் ஒன்று கேளுங்கள்: எதிலிருந்து வெட்டினார்கள்? பழைய மாஸ்டர் டேப்பிலிருந்தா, சி.டி.க்காக உரக்கத் தூக்கி வைத்த கோப்பிலிருந்தா? டிஜிட்டல் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், கவனமாகச் செய்தால் அதுவும் அருமையாக ஒலிக்கும். ஆனால் மிருதங்கமும் குரலும் ஒரே உயரத்தில் சுவர் மாதிரி நின்றால், அந்தப் பணத்துக்கு வேறு ரெக்கார்டு வாங்கலாம். உறையில் ‘180 கிராம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது தட்டின் எடை. ஒலிக்கு அது சான்று இல்லை.

அப்பாவின் ரெக்கார்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அதில் தேயாத பாட்டுகள் இருக்கும்.

கேள்வி: எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாத எல்பி என்னிடம் இருக்கிறது. அது முதல் அச்சுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த எல்பி முதலில் வந்தது 1963இல். வீட்டுக்கு வீடு விற்ற ரெக்கார்டு அது, மறுபடி மறுபடி அச்சானது. அதனால் உறையில் 1963 என்று இருந்தாலே முதல் அச்சு ஆகிவிடாது. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் வழவழப்பான ஓரம் இருக்கிறதல்லவா, அங்கே எண் பொறித்திருப்பார்கள். எந்த வெட்டிலிருந்து அந்தத் தட்டு வந்தது என்பதன் அடையாளம் அதுதான். இரண்டு மூன்று பிரதிகளின் எண்ணையும் லேபிளின் நிறம், எழுத்து, கம்பெனிப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் முந்தியது எது என்று தெரியும். ‘சரேகமா இந்தியா’ என்று அச்சிட்டிருந்தால் பிற்காலத்தது, எச்.எம்.வி. ரெக்கார்டு கம்பெனிக்குப் பின்னாளில் வந்த பெயர் அது. விடியற்காலையில் கேட்பதற்கு என்றால், தேயாத எந்த அச்சும் போதும்.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கனமான பழைய ரெக்கார்டுகள், 78 என்று போட்டிருக்கிறது. புது பிளேயரில் போடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: 78 என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. பிளேயரில் அந்த வேகம் இருந்தால் மட்டும் போதாது, முள்ளும் வேறு வேண்டும். அந்தத் தட்டின் வரி அகலம். எல்பி முள் அதன் அடியில் இறங்கி உரசும், தட்டுக்கும் கேடு, முள்ளுக்கும் கேடு. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 78க்கென்று தனி முள் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். பரணில் படுக்கை போட்டு அடுக்காமல் நிற்கவைத்து வையுங்கள், கை தவறினால் அப்பளமாக நொறுங்கும். மதுரையில் பிறந்த எம்.எஸ். சின்னப் பெண்ணாகப் பாடிப் பதிவானதும் இந்த வகைத் தட்டில்தான், தாத்தா என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாக லேபிளைப் படியுங்கள். அப்புறம், சுத்தம் செய்ய ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் தொடக் கூடாது. அந்தத் தட்டு அரக்குக் கலவை, ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும்.