அபூ ஸைதை நம்பியவர்கள்

அன்புள்ள ஐயா,

அரபு எழுத்தாளர் ஹரீரியின் மகாமாக்கள் என்ற கதைகளையும் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கஸல் கவிதைகளையும் ஆங்கிலத்தில் படித்து வருகிறேன். அரபு இலக்கியம் ஏமாற்றுக்காரனைக் கொண்டாடுகிறது, பாரசீகம் பாசாங்குக்காரனைச் சாடுகிறது என்று தோன்றுகிறது. இரண்டில் எது நேர்மையானது? அந்த மதச் சூழலில்தான் பாசாங்கு இத்தனை அதிகமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே வேண்டாம். போலிச் சாமியார் இல்லாத மதம் எது? 'கலீலா வ திம்னா' என்ற அரபு விலங்குக் கதை நூலில் நோன்பிருந்து நியாயம் சொல்லி, வழக்குக்கு வந்த முயலையும் பறவையையும் தின்கிற பூனை பஞ்சதந்திரத்திலிருந்து போனது. ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் குற்றம் சாட்டுவதற்காக இலக்கியம் படிக்காதீர்கள்.

எது நேர்மையானது என்பதும் எனக்கு முக்கியமில்லை. ஆனால் 'கொண்டாடுகிறது' என்கிறீர்களே, அதை விட்டுவிட முடியவில்லை. சில நாட்களாக என் மனசிலும் ஹரீரிதான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய முதல் கதை ஏமனில் உள்ள ஸன்ஆ நகரில் நடக்கிறது. கதைகளின் நாயகனான ஏமாற்றுக்காரன் அபூ ஸைத் மரணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறான். கூட்டம் அழுது காசு கொடுக்கிறது. அவன் பின்னாலேயே போன கதைசொல்லி அல்ஹாரித் குகைக்குள் பார்ப்பது வெள்ளை ரொட்டி, சுட்ட ஆட்டுக்குட்டி, மது. சரி, மோசடிதான். ஆனால் அந்தப் பிரசங்கத்தில் பொய்யான வரி எது? அழுதவர்களின் கண்ணீர் பொய்யா? நாம் எப்போதும் குகைக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறோம். வெளியே அழுதுகொண்டு நின்றவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஹரீரி பார்த்தார். ஐம்பதாவது, கடைசிக் கதையில் அபூ ஸைத் பஸ்ரா பள்ளிவாசலில் நின்று, தன் பாவமன்னிப்புக்காகப் பிரார்த்திக்கும்படி மக்களைக் கேட்கிறான். வழக்கமான வேஷம்தான். அவர்களோ மனசாரப் பிரார்த்திக்கிறார்கள். ஏமாற்ற வந்தவன் உண்மையாகவே மனம் திருந்திப் போகிறான். பிறகு அல்ஹாரித் ஸரூஜுக்குத் தேடிப் போகும்போது அவன் தொழுகையில் இருக்கிறான். சிலுவைப் போர்வீரர்களிடம் பறிபோன அவனுடைய சொந்த ஊர் அது. ஏமாந்தவர்களின் நம்பிக்கை ஏமாற்றியவனைத் திருத்துகிறது. இதையா கொண்டாட்டம் என்கிறீர்கள்? கடைசிக் கதைவரை படிக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அபூ ஸைத் ஊர் ஊராகத் திரிகிறவன். அவனைத் தெரியாத ஊரில்தான் அவன் பிழைப்பு நடக்கும். ஹாஃபிஸின் ஊரான ஷீராஸ் அப்படியல்ல. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 1353இல் நகரத்தைப் பிடித்த மன்னன் முபாரிஸுத்தீன் மதுக்கடைகளை மூடினான். மக்கள் அவனுக்கு 'முஹ்தஸிப்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள், ஒழுக்கக் கண்காணிப்பு அதிகாரி என்று. அங்கே பாசாங்கை யாரும் நம்பவில்லை, பயந்து தலையாட்டினார்கள். ஹாஃபிஸின் கோபம் அதன் மேல்தான். ஒரு கஸலின் கடைசி ஈரடியில் ஷெய்க், ஹாஃபிஸ், முஃப்தி, முஹ்தஸிப், உற்றுப் பார்த்தால் எல்லோருமே வேஷக்காரர்கள் என்கிறார். பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துத்தான்.

உங்கள் வாசிப்பில் வேகம் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. கையில் இருப்பது தேர்ந்தெடுத்த கதைகளின் தொகுப்பு என்றால் பஸ்ரா கதை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழுப் பதிப்பைத் தேடிப் படித்துவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.