வகுப்பில் வீட்டுமொழி பேசினால் தடுக்க வேண்டுமா?

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பிலுள்ள பழங்குடிப் பிள்ளைகள் கணக்குப் போடும்போது தங்களுக்குள் வீட்டுமொழியிலேயே பேசிக்கொள்கிறார்கள். அதைத் தடுத்தால்தான் பள்ளிமொழி வரும் என்கிறார் தலைமையாசிரியர். பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். நான் என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை

பதில்: தடுக்காதீர்கள். அவர்கள் பேசும்போது சற்று அருகில் நின்று கவனியுங்கள். மொழி புரியாவிட்டாலும், பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்குவதை ஒரு பிள்ளை விரல்களை மடக்கி இன்னொரு பிள்ளைக்கு விளக்குவது தெரியும். பேச்சை நிறுத்தினால் அந்தக் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். பிறகு அந்த மௌனத்தைப் பார்த்து 'மந்தம்' என்று முடிவுகட்டுவோம். ஆசிரியர்களாகிய நாம் வழக்கமாகச் செய்யும் பிழை இது.

அன்றாடப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும் என்றும், பாடநூல் மொழி கைவர 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம் என்றும் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் விளக்கினார். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் பிள்ளை, 'பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது' என்ற வரியில் திகைத்து நிற்பதன் காரணம் இதுதான். வீட்டுமொழியில் கழித்தலைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பள்ளிமொழியில் புதிய சொல் மட்டுமே தேவை, புதிய கணக்கு தேவையில்லை.

பெற்றோரின் அச்சத்தைக் குறைகூற முடியாது. சொந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளியில் தண்டிக்கப்பட்டவர்கள் உலகெங்கும் பலர். அந்த வலி தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவர்கள் நினைப்பது இயல்பே. ஹவாயில் 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. ஹவாய் மொழியில் மழலையர் பள்ளி தொடங்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1982-இல் 'மொழிக்கூடு' என்னும் பொருள்படும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கியபோது, மொழியறிந்த மூத்தோரே அங்கே ஆசிரியர்கள் ஆனார்கள். பள்ளிமொழியைக் கைவிடச் சொல்லவில்லை, இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறோம் என்று பெற்றோரிடம் விளக்குங்கள்.

உங்களுக்கு அந்த மொழி தெரிய வேண்டுமென்பதில்லை. ஒரு மொழியில் படித்துவிட்டு மற்றொன்றில் எழுதவைக்கும் முறையை வேல்சில் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் வகுத்தளித்தார். பிள்ளைகள் குழுவாகத் தம் மொழியில் பேசித் தீர்க்கட்டும். விடையைப் பள்ளிமொழியில் எழுதட்டும். ஆண்டுவிழாவில் அவர்களுடைய நடனத்துக்குக் கைதட்டிவிட்டு, மறுநாள் வகுப்பில் அவர்களுடைய மொழிக்கு வாய்ப்பூட்டுப் போடுவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. அடுத்த தேர்வில் ஒரு விடையைத் தவறென்று அடிப்பதற்கு முன், அந்தப் பிள்ளையை அதே வினாவுக்குத் தன் மொழியில் தோழியிடம் விடை சொல்லச் சொல்லிப் பாருங்கள்.